கடவுள் மனிதனாவது: பாக்தாத்தில் நடந்த ஒரு பழைய வழக்கு

முஸ்லிம் கிறிஸ்தவ விவாத வீடியோ எதையாவது பத்து நிமிடம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். கிறிஸ்தவர் கேட்பார்: "இறைவன் எல்லாவற்றின் மீதும் ஆற்றலுடையவன் என்று குர்ஆனே சொல்கிறதே, அப்படியானால் மனிதனாக வர அவனால் முடியாதா?" முடியாது என்றால் வல்லமை குறைந்துவிடும், முடியும் என்றால் பாதி வழக்கு தோற்றுவிடும். மடக்கிவிட்டார் என்று ஒரு பக்கம் கைதட்டும். முஸ்லிம் பேச்சாளர் சளைக்காமல் திருப்பிக் கேட்பார்: "கடவுளால் இன்னொரு கடவுளைப் படைக்க முடியுமா? தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்ள முடியுமா?" இப்போது எதிர்ப்பக்கம் கைதட்டும். அப்புறம் தேநீர் இடைவேளை.

எனக்கு இந்தக் கேள்வி மீது பெரிய மரியாதை கிடையாது. வல்லமை விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் உண்மையில் சண்டையே இல்லை. இஸ்லாமிய இறையியலில் ஒரு பழைய பாகுபாடு உண்டு. இருக்கவும் கூடும், இல்லாமலும் போகக்கூடும் என்பவை மும்கின். எந்த நிலையிலும் இருக்கவே முடியாதவை முஸ்தஹீல். ஆற்றல் என்ற பேச்சு முதல் வகைக்குத்தான் பொருந்தும், சதுரமான வட்டத்தை இறைவன் படைக்கவில்லை என்றால் அது இயலாமை ஆகாது, ஏனென்றால் அங்கே படைப்பதற்கு ஒரு பொருளே இல்லை. கிறிஸ்தவத்தில் 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். பைபிளிலேயே, "அவர் தம்மைத்தாமே மறுதலிக்கமாட்டார்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வருகிறது. ஆக, கடவுளால் செய்ய முடியாதவை என்று ஒரு பட்டியல் இருவரிடமும் இருக்கிறது. கடவுள் மனிதனாவது அந்தப் பட்டியலில் சேருமா சேராதா என்பதில்தான் தகராறு.

அந்தப் பட்டியலை மதிக்காதவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 11-ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம், கிறிஸ்தவத்தைக் கடுமையாகச் சாடியவர்களில் ஒருவர். ஆனால் அவரே, ஒரு மகனை எடுத்துக்கொள்ள இறைவன் நாடினால் அதற்கும் ஆற்றல் உள்ளவன்தான், நாடவில்லை, அவ்வளவே என்ற மாதிரி எழுதினார். "அல்லாஹ் ஒரு மகனை எடுத்துக்கொள்ள நாடியிருந்தால் தான் படைத்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்திருப்பான்" என்ற பொருளில் குர்ஆனில் ஒரு வசனம் இருக்கிறது (39:4). பிற்கால அஷ்அரி (சுன்னி இறையியலின் ஒரு முக்கியப் பள்ளி) அறிஞர்கள் இதற்காக அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள்.

சரி, கிறிஸ்தவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? இங்கே தமிழில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. நம்மூர்க் கிறிஸ்தவ மேடைகளில் 'மனுஷாவதாரம்' என்பது சாதாரணமாகப் புழங்கும் சொல். அதைக் கேட்கிற தமிழ்க் காது உடனே ராமாவதாரம், கிருஷ்ணாவதாரம் என்று வரிசையில் வைத்துவிடும். ஆனால் கிறிஸ்தவக் கோட்பாட்டின்படி இது ஒரே ஒரு முறை நடந்தது, திரும்ப நடக்காது. காரியம் முடிந்ததும் மனித உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவும் இல்லை. உயிர்த்தெழுந்து, பொரித்த மீன் சாப்பிட்டு, பரலோகம் போன பின்பும் அவர் மனிதராகவே இருக்கிறார் என்பதுதான் சபைகளின் அதிகாரபூர்வ நம்பிக்கை. வாரந்தோறும் ஆலயம் போகிறவர்களிலேயே பலர் இதை யோசித்திருக்க மாட்டார்கள். உடம்பு வெறும் தோற்றம்தான், உண்மையில் பசிக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை என்று ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே ஒரு கூட்டம் சொன்னது. சபை அவர்களை வெளியே தள்ளியது.

கடவுள் மனிதனாக *மாறினார்* என்றும் கிறிஸ்தவர்கள் சொல்வதில்லை. "நான் கர்த்தர், நான் மாறாதவர்" என்ற மல்கியா வசனத்தை முஸ்லிம் பேச்சாளர்கள் எடுத்துப் போடும்போது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும், ஆனால் அது 5-ஆம் நூற்றாண்டிலேயே அடித்துத் துவைக்கப்பட்ட விஷயம். இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான கல்கெதோனில் 451-இல் கூடிய சங்கம், கிறிஸ்து ஒருவரே, அவரிடம் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை இரண்டும் உண்டு, அவை கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன என்று தீர்மானம் போட்டது. கவனித்துப் பார்த்தால், என்ன இல்லை என்று மட்டும்தான் நான்கு சொற்களும் சொல்கின்றன. எப்படி என்பதற்குப் பதிலே இல்லை. இதைப் பலவீனம் என்று சிலர் பார்ப்பார்கள். எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது, ஆனால் அந்த நேர்மைக்கு விலையும் இருந்தது. சங்கம் முடிந்ததும் எகிப்து, சிரியா கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி பிரிந்து போனார்கள். பாரசீகப் பேரரசில் இருந்த கிழக்கின் திருச்சபை அதற்கு முன்பே தனி வழியில் போய்க்கொண்டிருந்தது. அரபுப் படைகள் 7-ஆம் நூற்றாண்டில் வந்தபோது கிறிஸ்து யார் என்பதில் மூன்று வீட்டுக்காரர்களாகப் பிரிந்து கிடந்த கிறிஸ்தவர்களைத்தான் சந்தித்தார்கள். இஸ்லாமியத் தரப்பின் கேள்விகள் ஏன் அவ்வளவு கூர்மையாக இருந்தன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வீட்டின் ஓட்டையை அடுத்த வீட்டுக்காரரே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

குர்ஆன் இதை எப்படி எடுத்துக்கொள்கிறது? தத்துவச் சொல்லெல்லாம் அங்கே கிடையாது. மர்யமின் மகன் மஸீஹ், அதாவது இயேசு, ஒரு தூதரே, அவருடைய தாய் உண்மையாளர், இருவரும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடும் (5:75). மூன்றே துண்டுகள்தான், ஆனால் கடைசித் துண்டில் மொத்த வாதமும் அடங்கியிருக்கிறது. சாப்பிடுகிறவனுக்குத் தேவை இருக்கிறது, தேவை இருப்பவன் இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறான், சார்ந்து நிற்பவன் இறைவன் இல்லை. இக்லாஸ் அத்தியாயத்தில் வரும் 'ஸமத்' என்ற சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் "தேவையற்றவன்" என்று போடுகின்றன. அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகராக எவருமில்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே வருகின்றன. ஜெருசலேமில் கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 72-இல், அதாவது 691-92-இல் கட்டிய பாறைக் குவிமாடத்தின் உட்புறத்தில் சுமார் 240 மீட்டர் நீளத்துக்குச் சுற்றி ஓடும் எழுத்தில் பெரிய பங்கு இந்த விஷயத்துக்குத்தான். வேதக்காரர்களே, மார்க்கத்தில் எல்லை மீறாதீர்கள், மூன்று என்று சொல்லாதீர்கள், ஒரு மகனைக் கொள்வதை விட்டும் அவன் தூய்மையானவன் என்று ஓடுகிறது அந்த வரி. எதிரே கொஞ்ச தூரத்தில் கிறிஸ்துவின் கல்லறைத் தேவாலயம். யாருக்காக எழுதியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே வசனத்துக்குள் (4:171) ஒரு நெருப்புப் பொறியும் இருக்கிறது. ஈஸா (இயேசு) அல்லாஹ்வின் தூதர், மர்யமிடம் அவன் போட்ட அவனது *சொல்*, அவனிடமிருந்து வந்த ஓர் *ஆன்மா* என்கிறது அது. யோவான் நற்செய்தி எதில் தொடங்குகிறது? "ஆதியிலே வார்த்தை இருந்தது." அப்புறம், "அந்த வார்த்தை மாம்சமாகி". இரண்டு வேதங்களும் இயேசுவுக்கு ஒரே பட்டத்தைக் கொடுக்கின்றன! அங்கிருந்து பற்றிக்கொண்டதுதான் அடுத்த இருநூறு வருட விவாதம்.

முதலில் இதைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவ இறையியலாளர் டமாஸ்கஸ் யோவான். உமையா கலீஃபாக்களின் ஆட்சியில் நிர்வாகப் பதவி வகித்த குடும்பத்தில் பிறந்த இவர், அரண்மனைப் பேச்செல்லாம் அறிந்தவர். அவருடைய தந்திரம் எளிது. சொல்லும் ஆன்மாவும் கடவுளிடமிருந்து வந்தவை என்று நீங்களே சொல்கிறீர்கள், அவை கடவுளுக்குள் இருந்தால் அவையும் கடவுள்தானே, வெளியே இருந்தால் உங்கள் கடவுளுக்குச் சொல்லும் இல்லை உயிரும் இல்லை என்று ஆகிவிடுமே! இணைவைப்பவர்கள் என்று எங்களைச் சொல்கிறீர்கள், கடவுளை வெட்டித் துண்டாக்குபவர்கள் நீங்கள் என்று பதிலுக்குப் பட்டமும் சூட்டினார். முஸ்லிம் பதிலும் எளிதுதான். சொல் என்றால் 'குன்', 'ஆகு' என்ற கட்டளை. தந்தை இல்லாமல் அந்தக் கட்டளையால் உருவானதால் அவருக்கு அந்தப் பெயர். ஆதமுக்குத் தாயும் கிடையாது தந்தையும் கிடையாது, மண்ணிலிருந்து படைத்து ஆகு என்றான், ஆகிவிட்டார், ஈஸாவின் உதாரணமும் அப்படியே (3:59). பிறந்த விதத்தை வைத்துத் தெய்வமாக்குவதாக இருந்தால் ஆதமைத்தானே முதலில் ஆக்க வேண்டும்?

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி பாக்தாத்தில் 780-களின் தொடக்கத்தில் நடந்தது. அப்பாஸிய கலீஃபா அல்-மஹ்தி ஒரு பக்கம். கிழக்கின் திருச்சபையின் தலைவர் முதலாம் தீமோத்தேயு இன்னொரு பக்கம். ஈராக்கிலிருந்து சீனா வரை, நம் பக்கத்துக் கேரளக் கடற்கரை உட்பட, சபைகள் இருந்த ஒரு பெரிய அமைப்புக்கு 780 முதல் 823 வரை தலைவராக இருந்தவர் அவர். அரிஸ்டாட்டிலின் வாதக்கலை நூலை அரபியில் கொண்டுவரும் வேலையை இதே கலீஃபா இதே பேராயரிடம்தான் ஒப்படைத்தார். வாதம் செய்வது எப்படி என்ற புத்தகத்தை எதிராளியை வைத்தே மொழிபெயர்க்கச் சொன்ன ஆள்!

இரண்டு நாள் பேசினார்கள். உங்களைப் போன்ற கல்விமான், கடவுள் ஒரு பெண்ணைக் கட்டி மகனைப் பெற்றார் என்று சொல்லலாமா என்று கலீஃபா ஆரம்பித்தார். அப்படிச் சொல்கிறவன் தெய்வநிந்தனை செய்கிறான் என்று தீமோத்தேயு முதல் வரியிலேயே ஒத்துக்கொண்டார். மகன் என்றால் சூரியனிலிருந்து ஒளி வருவது போல, வாயிலிருந்து சொல் வருவது போல என்றார். கலீஃபா விடவில்லை. கிறிஸ்து "என் தேவனும் உங்கள் தேவனும்" என்று சொன்னாரே, கடவுளுக்குக் கடவுள் உண்டா? அவர் தொழுதாரே, யாரைத் தொழுதார்? அப்படியானால் கடவுள் செத்துப்போனாரா?

தீமோத்தேயு அரசவைக்கு ஏற்ற உவமைகளை எடுத்தார். அரசரின் சொல் ஒரு தாளில் எழுதப்பட்டுக் கடிதமாகிறது. சொல் அரசரை விட்டுப் பிரியவில்லை, தாளும் சொல்லாக மாறிவிடவில்லை, ஆனாலும் அந்தக் கடிதத்தை யாரும் வெறும் தாள் என்று நினைப்பதில்லை. சாவு பற்றிய கேள்விக்கு இன்னொன்று சொன்னார். அரசரின் அங்கியை ஒருவன் கிழித்தால் கிழிவது அங்கிதான், ஆனால் அவமானம் அரசருக்கு. அதுபோல, மகன் இறந்தது மனித இயல்பில், தெய்வ இயல்பில் அல்ல. கெட்டிக்காரத்தனமான பதில். கல்கெதோன் ஆட்கள் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள், அங்கியும் ஆளும் இரண்டு வேறு பொருள்கள் ஆயிற்றே, அப்படியானால் கிறிஸ்து ஒருவரா இருவரா என்று. தீமோத்தேயுவின் சபையை மற்றவர்கள் 'நெஸ்தோரியர்' என்று இழித்ததற்குக் காரணமும் இந்த மாதிரிப் பேச்சுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த உரையாடலை எழுதியவர் தீமோத்தேயுவேதான். சிரியாக் மொழியில் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். அதனால் கலீஃபா நல்ல கேள்விகளைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். உண்மையில் அங்கே உட்கார்ந்திருந்தால் சில இடங்களில் அவர் "இரும் ஐயா, அது எப்படி?" என்று நிறுத்தியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படி நிறுத்திக் கேட்டவர் அடுத்த நூற்றாண்டில் வந்தார். அபூ ஈஸா அல்-வர்ராக் என்ற சிந்தனையாளர். மூன்று சபைகளும் என்ன சொல்கின்றன என்று தனித்தனியாகப் படித்து, அவர்கள் சொல்லைக் கொண்டே அவர்களை மடக்கினார். மனிதனோடு ஒன்றானது வார்த்தை மட்டுமா, தந்தையும் ஆவியும் சேர்ந்தா? மட்டும்தான் என்றால், மூவருக்கும் ஒரே இயல்பு என்கிறீர்களே, ஒருவருக்கு நடந்தது மற்றவருக்கு நடக்காமல் போவது எப்படி? மூவரும் என்றால் மகன் மட்டும் மனிதனானார் என்று ஏன் சொல்கிறீர்கள்? ஒன்றானது என்றால் கலந்தா, குடிபுகுந்தா, முத்திரை மெழுகில் பதிகிற மாதிரியா? ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் காட்டினார். இந்த நூல் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம் ஒரு கிறிஸ்தவர். பாக்தாத்தில் தத்துவ அறிஞர் அல்-ஃபாராபியிடம் படித்த யஹ்யா இப்னு அதீ, வரிக்கு வரி மேற்கோள் காட்டி மறுப்பு எழுதினார். மூலம் போய்விட்டது, மறுப்பு தங்கிவிட்டது, அதற்குள் மூலமும் தங்கிவிட்டது. கலீஃபாவின் கேள்விகள் பேராயரின் பேனாவில், வர்ராக்கின் கேள்விகள் மறுத்தவரின் பேனாவில். எதிராளி இல்லாவிட்டால் இருவர் பேச்சும் நமக்குக் கிடைத்திருக்காது.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். ஈஸா சொல் என்பதைக் 'குன்' என்று விளக்கி முடித்தாலும், சொல் பற்றிய கேள்வி முஸ்லிம்களை விட்டுப் போகவில்லை, வேறு கதவு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு. அந்தப் பேச்சு படைக்கப்பட்டதா, படைக்கப்படாததா? படைக்கப்பட்டது என்றால் ஒரு காலத்தில் இறைவன் பேச்சில்லாமல் இருந்தான் என்றாகும். படைக்கப்படாதது என்றால் இறைவனோடு கூடவே ஆதியிலிருந்து இன்னொன்றும் இருந்தது என்றாகும். பகுத்தறிவை முன்னிறுத்திய முஃதஸிலா இறையியலாளர்கள் படைக்கப்பட்டது என்றார்கள், அதில் பிடிவாதமாக நின்றார்கள். 833-இல் கலீஃபா அல்-மஃமூன் நீதிபதிகளையும் ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்களையும் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லி பாக்தாத்துக்குக் கடிதம் அனுப்பினார். அதில் அவர் சொன்ன குற்றச்சாட்டு என்ன தெரியுமா? குர்ஆன் படைக்கப்படவில்லை என்று சொல்கிறவர்கள், ஈஸா அல்லாஹ்வின் சொல் என்பதால் அவர் படைக்கப்படவில்லை என்று சொல்லும் கிறிஸ்தவர்களைப் போல இருக்கிறார்கள் என்பதுதான். ஒரு கலீஃபாவே, தன் சமூகத்தின் பக்திமான்களைப் பார்த்து!

அந்த பக்திமான்களில் முதன்மையானவர் அஹ்மத் இப்னு ஹன்பல். சிறைக்குப் போனார், அடுத்த கலீஃபா காலத்தில் கசையடி வாங்கினார், வாய் திறந்து 'படைக்கப்பட்டது' என்று சொல்லவில்லை. கடைசியில் ஜெயித்தது அவர் தரப்புதான். அதன் பிறகு அஷ்அரிகள் ஒரு நடுவழி கண்டார்கள். இறைவனோடு இருக்கும் பேச்சு ஆதியானது, படைக்கப்படாதது. நாம் ஓதும் குரல், மை, தாள் எல்லாம் படைக்கப்பட்டவை. இரண்டும் கலக்கவில்லை, ஆனால் ஓதப்படுவது இறைவனின் பேச்சேதான்.

தீமோத்தேயுவின் அரசக் கடிதம் ஞாபகம் வருகிறதா?

இந்த ஒப்பீட்டை முஸ்லிம் அறிஞர்கள் ஏற்க மாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. குர்ஆனை யாரும் வணங்குவதில்லை, அதனிடம் பிரார்த்திப்பதில்லை. ஆனால் இயேசுவையும் நபியையும் ஒப்பிடுவது, பைபிளையும் குர்ஆனையும் ஒப்பிடுவது என்று நாம் வழக்கமாகப் போடுகிற ஜோடி கொஞ்சம் பிசகானது. கிறிஸ்தவத்தில் இயேசு எந்த இடத்தில் இருக்கிறாரோ, இஸ்லாத்தில் அந்த இடத்தில் இருப்பது குர்ஆன். காலம் கடந்த ஒன்று காலத்துக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி இருவருக்கும் உண்டு. ஒருவருக்கு அது உடம்பாக வந்தது, இன்னொருவருக்கு ஓதலாக வந்தது. விவாத மேடைகளில் இந்த இடத்துக்கு யாரும் வருவதே இல்லை.

இதே மாதிரி இன்னொரு இடம் அர்ஷ், அதாவது சிம்மாசனம். அர்ரஹ்மான் அர்ஷின் மீது அமைந்தான் என்று வருகிறது (20:5). சிம்மாசனத்தில் இருக்கலாம், எரியும் மரத்திலிருந்து மூஸாவிடம் பேசலாம், மனித உடம்பில் மட்டும் கூடாதா என்று அரபியில் எழுதிய கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். மதீனாவின் இமாம் மாலிக்கிடம் (இறப்பு 795) அர்ஷைப் பற்றி ஒருவர் எப்படி என்று கேட்டபோது, அமைந்தது தெரிந்ததே, எப்படி என்பது தெரியாது, நம்புவது கடமை, அதைப் பற்றிக் கேட்பது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்றாராம். கல்கெதோனின் நான்கு மறுப்புகளோடு இதைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது, நிறைய இருக்கிறது. அது தகுதியைப் பற்றியது. குர்ஆன் இந்தப் பேச்சு வரும் பல இடங்களில் 'சுப்ஹானஹு', அவன் தூயவன், என்கிறது. அது வாதமாக ஒலிப்பதைவிடக் கூச்சமாக ஒலிக்கிறது: கர்ப்பப்பை, ரத்தம், பால், பசி, மலம், சிலுவை, இவற்றை இறைவனோடு சேர்த்துப் பேச எப்படி வாய் வருகிறது? பவுல் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறார். தேவனுடைய ரூபமாயிருந்தும் அவர் "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" வந்தார் என்று பிலிப்பியருக்கு எழுதினார். முஸ்லிமுக்கு அவமானமாகப் படுவது கிறிஸ்தவருக்கு மகிமையாகப் படுகிறது. 1098-இல் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் இத்தாலியில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு கடவுள் ஏன் மனிதனானார் என்ற நூலை முடித்தபோது, பெண்ணின் வயிற்றில் இறங்கினார், பால் குடித்து வளர்ந்தார் என்று சொல்லி நாம் கடவுளை அவமதிக்கிறோம் என நம்பாதவர்கள் சொல்வதாகத் தொடக்கத்திலேயே எழுதினார். அவர் பதில் சுருக்கமாக: மனிதன் பட்ட கடன் மனிதன்தான் தீர்க்க வேண்டும், ஆனால் தீர்க்கும் சக்தி கடவுளிடம் மட்டுமே, அதனால் இரண்டும் ஒருவரிடம் சேர வேண்டியதாயிற்று. அதே வருடம் இத்தாலியின் கபுவா நகர முற்றுகையில், சிசிலி ரோஜரின் படையில் இருந்த முஸ்லிம் வீரர்களுக்கு அவர் உணவு கொடுத்து உபசரித்ததாகவும், அவர்கள் தங்கள் கையை முத்தமிட்டு அவரை வாழ்த்தியதாகவும் அவருடைய சீடர் எழுதியிருக்கிறார்.

இந்தக் கடன் பேச்சு முஸ்லிமிடம் எடுபடாததற்கும் காரணம் தெளிவு. ஆதம் தவறு செய்தார், மன்னிப்புக் கேட்டார், இறைவன் மன்னித்தான், கணக்கு முடிந்தது. கடனே இல்லாத இடத்தில் கடன் தீர்க்க ஆள் எதற்கு?

பாக்தாத்தில் அந்த இரண்டாம் நாள் தீமோத்தேயு ஒரு கதை சொன்னார். இருட்டு வீட்டில் நள்ளிரவில் ஒரு முத்து விழுந்துவிடுகிறது. எல்லோரும் தரையைத் தடவுகிறார்கள். ஒருவன் கையில் முத்து, ஒருவன் கையில் கண்ணாடித் துண்டு, ஒருவன் கையில் கல். எல்லோருக்கும் தன்னிடம் இருப்பதுதான் முத்து என்ற சந்தோஷம். விடிந்தால்தான் தெரியும். முத்து எங்கள் கையில்தான் இருக்கிறது என்று இறைவனிடம் நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்றார் கலீஃபா. ஆமென் அரசே என்றார் பேராயர். சொல்லிவிட்டு, ஆனால் அதில் எங்களுக்கும் பங்கு இருக்க இறைவன் அருளட்டும் என்று ஒரு 'ஆனால்' சேர்த்துக்கொண்டார்.